வந்து போகிறவரின் சாட்சியம்: சென்னை மாறியதை யார் சொல்வது?

வெளிநாட்டில் வாழும் சென்னைக்காரர்கள் விடுமுறைக்கு வந்து போனபின் எழுதும் கட்டுரைகள் தமிழில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. சாந்தி தியேட்டர் இல்லை, உதயம் தியேட்டர் இல்லை, உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா, பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள், தெருவுக்குத் தெரு அடுக்ககங்கள். யார் எழுதினாலும் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. ஊர் அடையாளம் தெரியாமல் போய்விட்டது என்ற முடிவும் மாறுவதில்லை.

இதில் பொய் எதுவும் இல்லை. டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டது, சாந்தி 2016இல், உதயம் 2024இல். ஆனால் வந்து போகிறவரின் நினைவில் உள்ள இடங்களை மட்டும் வைத்து நகரத்தின் மாற்றத்தை அளந்தால், எது அளவுக்குள் வரும், எது வெளியே நின்றுவிடும்? இது ஒரு கேள்வி. அளப்பவருக்கே அந்த மாற்றத்தில் பங்கு உண்டா என்பது இன்னொன்று. உண்டு என்பதும், அந்தப் பங்கு இவ்வகை எழுத்தில் அநேகமாகப் பதிவாவதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதுவரை சொல்லப்பட்டவை

வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சமூகவியலாளர் ஆல்ஃபிரட் ஷூட்ஸ், வீடு திரும்புபவரைப் பற்றி 1945இல் எழுதிய கட்டுரையே இந்த விவாதத்துக்கு இன்றும் தொடக்கம். போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களை மனத்தில் வைத்து அவர் அதை எழுதினார். புதிய ஊருக்குப் போகிறவர் தனக்கு அங்கே ஒன்றும் தெரியாது என்று அறிந்தே போகிறார். சொந்த ஊருக்குத் திரும்புபவரோ எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையோடு வருகிறார், அதிர்ச்சிக்கு அந்த நம்பிக்கையே காரணம் என்பது ஷூட்ஸ் சொன்னதன் சாரம். இது வருகிறவரின் மனத்தை நன்றாக விளக்குகிறது. ஊரைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

இந்திய நகரங்களைப் பற்றி இவ்வகையில் வந்த நூல்களில் சுகேது மேத்தாவின் ‘மேக்ஸிமம் சிட்டி’ (2004) தனித்து நிற்கிறது. 1977இல் பம்பாயை விட்டுப் போனவர் இருபத்தோரு ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். அவர் தம் பால்யத் தெருக்களோடு நிற்கவில்லை. நிழலுலகம், காவல்துறை, நடன மதுக்கூடங்கள் என்று தாம் வளரும்போது அறிந்திராத பம்பாயைத் தேடிப் போனார். அமித் சௌதுரியின் ‘கல்கத்தா’ (2013) வேறு தொனியில் எழுதப்பட்டது. ஆனால் அதுவும் தங்கிப் பார்த்து எழுதியதுதான்.

சென்னைக்கு இந்த ஒப்பீடு இன்னும் சுவையானது. இந்நகரத்தின் வரலாற்றைச் சாதாரண வாசகர்களிடம் கொண்டுசேர்த்த எஸ். முத்தையா பள்ளத்தூரில் பிறந்தவர். கொழும்பில் பல ஆண்டுகள் பத்திரிகையாளராக இருந்துவிட்டு 1968இல் சென்னைக்கு வந்தார். ‘மெட்ராஸ் டிஸ்கவர்டு’ 1981இலும், ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழ் 1991இலும் வந்தன. ‘ஒரு பார்வையில் சென்னை நகரம்’ எழுதிய அசோகமித்திரனோ செகந்தராபாத்தில் பிறந்து, 1952இல் இங்கே வந்தவர். வெளியிலிருந்து வந்த கண் நகரத்தைப் பார்க்கத் தடையில்லை என்பதற்கு இவ்விருவருமே போதும். இருவரும் இங்கேயே தங்கி, ரேஷன் கார்டு வாங்கி, தண்ணீர்ப் பஞ்சத்தையும் மழை வெள்ளத்தையும் கடந்து எழுதியவர்கள். மூன்று வார விடுமுறையில் வருகிறவருக்கு அந்த வாய்ப்பில்லை. அதிலும் அவர் பெரும்பாலும் மார்கழியில் வருகிறார். கச்சேரி இருக்கும், வெயில் இருக்காது. மே மாதத்துச் சென்னை அவருடைய கணக்கில் சேர்வதே இல்லை. நகருக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த 2019ஆம் ஆண்டுக் கோடையைத் தொலைபேசியில் கேட்டறிந்தவர்கள்தான் அதிகம்.

எழுதுகிறவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். 1990களின் இறுதியில் அமெரிக்கா போன பொறியாளரே இக்கட்டுரைகளின் வழக்கமான கதைசொல்லி. அமெரிக்கா எச்-1பி விசா உச்சவரம்பை 65,000இலிருந்து உயர்த்தி, 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கு 1,95,000 ஆக்கிய காலம் அது. அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் விடியுமுன்பே வரிசை நின்றது. அந்த வரிசையில் நிற்கும் தகுதி எல்லோருக்கும் சமமாக வாய்க்கவில்லை. சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் தமிழ்ப் பிராமணர்களைப் பற்றி 2014இல் எழுதிய நூலும், அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து 2019இல் எழுதிய ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூலும் கல்வி, சாதி, புலம்பெயர்வு மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று விரிவாகக் காட்டியிருக்கின்றன. வந்து போய் எழுதுகிறவர்களின் நினைவில் வாழும் சென்னை பெரும்பாலும் மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு, நங்கநல்லூர். வியாசர்பாடியும் தண்டையார்பேட்டையும் அதில் இல்லை. 1996இல் பின்னி மில் மூடப்பட்டபோது பெரம்பூர் இழந்ததும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

எந்தச் சென்னை மாறியது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும் செய்தி எதிர்பாராதது. பழைய மாநகராட்சி எல்லைக்குள் 2001இல் 43.4 லட்சம் பேர் இருந்தார்கள், 2011இல் 46.5 லட்சம் பேர். பத்தாண்டுகளில் வளர்ச்சி சுமார் 7 சதவீதம்தான். அதே பத்தாண்டுகளில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 40 லட்சமாக, அதாவது 39 சதவீதம் வளர்ந்தது. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிவாக்கப்பட்டது இந்தப் போக்கின் விளைவு.

‘அடையாளம் தெரியாமல்’ போனது என்று சொல்லப்படும் பகுதியில் மக்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இருந்திருக்கிறது. மாறியவை கட்டடங்கள். வீடுகள் கடையாகவும் அலுவலகமாகவும் ஆயின, குடும்பங்கள் சிறுத்தன, ஆற்றோரங்களில் வாழ்ந்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கட்டடம் பெருகியும் ஆள் பெருகாத விந்தை புரியும். உண்மையான பெருக்கம் நடந்த இடங்கள் மேடவாக்கம், பெரும்பாக்கம், சிறுசேரி, ஊரப்பாக்கம். தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பார்க் திறந்தபின் வேலை தெற்கே நகர்ந்தது; மனிதர்களும் வேலையின் பின்னால் போனார்கள். இந்த இடங்களைப் பற்றி வந்து போகிறவருக்கு நினைவு கிடையாது. நினைவில் இல்லாததால் அங்கே எதுவும் இழக்கப்பட்டதாகவும் அவருக்குத் தோன்றுவதில்லை.

அடுத்த கணக்கெடுப்பு 2021இல் நடந்திருக்க வேண்டும். அது 2027க்குத் தள்ளிப்போய்விட்டது. ஒன்றரைப் பத்தாண்டுக் காலம் எண்ணிக்கை இல்லாமல் ஒரு பெருநகரம் திட்டமிடப்படுவது கவலைக்குரியது. வெறும் நினைவுகள் சான்றுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ள அதுவும் ஒரு காரணம்.

பத்திரத்தில் ஒரு கையெழுத்து

தனி வீடு எப்படி அடுக்ககமாகிறது? இதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம்.

மேற்கு மாம்பலத்தில் இரண்டு கிரவுண்டு மனை. 1960களில் கட்டிய வீடு. பின்கட்டில் கிணறு, இரண்டு தென்னை, ஒரு மாமரம். வயதான தாயும் தந்தையும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் நியூஜெர்சியிலும் சிட்னியிலும். மாடிப்படி ஏற முடியவில்லை, இரவில் பயமாக இருக்கிறது, கூரை ஒழுகுகிறது. பில்டர் வருகிறார். ஜாயின்ட் வென்ச்சர் போடலாம் என்கிறார்: நிலம் உங்களுடையது, கட்டும் செலவு என்னுடையது, முடிந்ததும் பிளாட்டுகளைப் பங்கிட்டுக்கொள்வோம், கட்டி முடியும்வரை நீங்கள் இருக்க வாடகையும் தருகிறேன். பிள்ளைகளுக்கு இது நியாயமாகவே படுகிறது. நியாயமும்தான். லிப்ட் இருக்கும், வாட்ச்மேன் இருப்பார், பெற்றோருக்கு ஒரு தளம் இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்புகிறார்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகம், திட்ட அனுமதி. சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கான தளப்பரப்புக் குறியீடு 1.5ஆக இருந்தது, 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை 2ஆக உயர்த்தின. இரண்டு கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி. முன்பு அதில் 7,200 சதுர அடி கட்டலாம், இப்போது 9,600. ஒரே விதித் திருத்தத்தில் கூடிய அந்த 2,400 சதுர அடிதான் தெருத்தெருவாகப் பழைய வீடுகள் இடிபடும் வேகத்தைக் கூட்டியது. தரைத்தளம் கார் நிறுத்த ஒதுங்குகிறது. கிணறு மூடப்பட்டு போர்வெல் இறங்குகிறது. மாமரம் தூண் வரும் இடத்தில் இருக்கிறது.

அடுத்த விடுமுறையில் வரும் பிள்ளை தெருவைப் பார்த்துத் திகைத்து எழுதுவது உண்மையான துயரம்தான். அதே தெருவில் ஒரு பத்திரத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெற்றோரின் முதுமை அவருக்கு வேறு வழி தரவில்லை. ஆனால் ஒரு தெரு மாறுவதன் பின்னால் விதித் திருத்தமும் குடும்ப முடிவும் சந்தை விலையும் இருக்கும்போது, அதைக் காலத்தின் கோலம் என்று எழுதினால் சான்றின் பாதி மறைந்துபோகிறது.

பணத்தின் தடத்தையும் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி, 2023-24இல் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த சுமார் 11,870 கோடி டாலரில் தமிழ்நாட்டின் பங்கு 10 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. இதில் வீட்டுச் செலவும் மருத்துவமும் பெரும்பகுதி. ஆனால் அந்நியச் செலாவணி விதிகள் வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்குவதைத் தடுக்கின்றன. குடியிருப்பும் வணிகக் கட்டடமும் தடையின்றி வாங்கலாம். முதலீடு செய்ய நினைப்பவர் பிளாட்டை நோக்கி வர இந்த விதியே வழி அமைத்துக் கொடுக்கிறது. 2011 கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுடையவை அல்ல என்றாலும், பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்புகளில் பூட்டிக் கிடக்கும் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

இனி 1970களிலும் 80களிலும் கட்டிய பழைய பிளாட்டுகளின் முறை. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் கட்டடத்தை இடித்துக் கட்ட வழிசெய்கிறது. அந்த மூன்றில் இரண்டில் கணிசமான கையெழுத்துகள் கடல்தாண்டி வரப்போகின்றன.

கணக்கில் வராத இடமாற்றம்

டைடல் பார்க்கிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் மற்ற பகுதிகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் இங்கே கொண்டுவந்து விடப்பட்டன. 15,000க்கு மேற்பட்ட சிறு வீடுகள். பின்னர் செம்மஞ்சேரி, அதன்பின் ஜவகர்லால் நேரு நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டப் பணத்தில் பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன.

இந்த இடமாற்றங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் ஆறுகளைக் காப்பது. நித்யா ராமனும் கேரன் கொயல்ஹோவும் 2010இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதிய கட்டுரை இதைத் தக்க ஆதாரங்களோடு கேள்விக்குள்ளாக்கியது: நீர்வழிகளை அடைத்த பெரிய கட்டுமானங்கள் இருக்கும்போது, குடிசைகள் மட்டும் ஏன் பழி சுமக்கின்றன? பக்கிங்காம் கால்வாயின் மீதே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன என்பதை நினைத்தால் கேள்வியின் கூர்மை விளங்கும். கண்ணகி நகர் உள்ளிட்ட மறுகுடியமர்வுப் பகுதிகளைப் பற்றி ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வேலை இழப்பையும் நகருக்குள் வந்து போகும் செலவையும் பதிவுசெய்தது.

இந்த இடமாற்றம் வந்து போகிறவரின் வீட்டுக்குள்ளேயே தெரியும். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும், பாத்திரம் துலக்கும் பெண் முன்பு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். இப்போது பெரும்பாக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கால்வாய்க் கரையோர வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். நகரின் மிக விலையுயர்ந்த மனைகள் இருக்கும் பகுதி அது. சென்னையின் இழப்புகளைப் பட்டியலிடும் எவரும் தியேட்டர்களுக்கு முன்பாக இதை எழுத வேண்டும்.

வேறு விமானத்தில் வருகிறவர்

2015இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றவர்களை சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. அவர்களில் அமெரிக்கப் பொறியாளர் ஒரு பகுதிதான்; வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வெல்டராக, ஓட்டுநராக, செவிலியராக வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அவர்களும் ஊர் வருகிறார்கள். ஆனால் வளைகுடா நாடுகள் இவர்களுக்குக் குடியுரிமை தருவதில்லை. வேலை முடிந்தால் ஊருக்குத்தான் வர வேண்டும். அவர்கள் இந்த ஊரைப் பார்ப்பது இனி வாழப்போகும் இடமாக.

செங்குன்றம், ஆவடி, திருநின்றவூர் பக்கம் வாங்கிய மனையைப் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் விடுப்பின் முக்கிய வேலை. நுழைவாயில் வளைவு, வண்ணக்கொடிகள், வெள்ளையடித்த எல்லைக் கற்கள். நேற்றுவரை வயலாக இருந்த இடம். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தபோது, பத்தாண்டுச் சம்பாத்தியத்தை அதில் போட்டவர்கள் பதறிப்போனார்கள். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அப்படி ஒருவர் சொல்லக்கூடிய நகரக் கதையில் தியேட்டர் வராது. சாக்கடை வந்ததா, பட்டா மாறியதா, மழையில் மனை முழுகுமா என்பவையே வரும். நகரத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சாட்சியம் அதிகப் பயன் தரும். அச்சில் இது வருவதே அபூர்வம்.

ஏரி மேல் ஏரி

பழைய சென்னை பழுதில்லாமல் இருந்தது என்ற எண்ணத்தையும் சோதிக்க வேண்டும். தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவானது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். தி. நகரில் வளர்ந்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கட்டடங்களால் விழுங்கப்பட்டதை எண்ணி வருந்துபவர், தாம் வளர்ந்த தெருவும் நீர்நிலையாக இருந்தது என்பதை அறிந்தால் வருத்தம் குறைய வேண்டியதில்லை. ஒரே வேலையை இந்நகரம் நூறு ஆண்டுகளாகச் செய்துவருகிறது என்று புரியும். பள்ளிக்கரணையில் தனியார் கட்டடங்கள் மட்டுமில்லை. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் போன்ற அரசு நிறுவனங்களும் உண்டு, மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் உண்டு. 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது எஞ்சிய சிறு பகுதிக்குத்தான்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவில் அடையாறு பெருகியபோது மீனம்பாக்கம் விமான நிலையமும் மூழ்கிப் பல நாட்கள் மூடிக்கிடந்தது. அதன் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறை தன் அறிக்கையில் சொன்னது.

சாட்சியத்தின் பயன்

இவ்வளவுக்குப் பிறகும் வந்து போகிறவரின் பார்வையைத் தள்ளிவிட முடியாது. தினமும் அதே வழியில் போகிறவர் கண்ணுக்குப் படிப்படியான சிதைவு தெரிவதில்லை; ஐந்தாண்டு இடைவெளியில் வருகிறவர் நடைபாதை காணாமல் போனதை முதல் நாளே சொல்லிவிடுகிறார். அவர் கையில் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. குடும்பத்துப் பத்திரங்களும் கிணற்று ஆழத்தின் நினைவும் இருக்கின்றன. ஒரு வீட்டின் கிணறு எந்த ஆண்டு வற்றியது, எந்த ஆண்டு மூடப்பட்டது, மனை என்ன விலைக்குக் கைமாறியது என்று அவர் எழுதினால், அது ஆய்வாளர் தேடினாலும் கிடைக்காத ஆவணம். கேட்கப்படுவது இதுதான்: பார்வையாளராக மட்டும் எழுதாமல், உரிமையாளராகவும் எழுதுங்கள்.

இதற்கான அடுத்த வாய்ப்பு வந்துகொண்டிருக்கிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரை 2022இல் தேர்ந்தெடுத்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேவை; அதில் நெல்வயல்களும் ஏரிகளும் அடக்கம். நிலம் எடுக்கப்படவிருக்கும் கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் அன்றிலிருந்து போராடிவருகிறார்கள். கிராமசபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள், 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். மீனம்பாக்கத்தில் இடம் போதாது, பயணிகள் பெருகுகிறார்கள் என்பது அரசு தரப்பு. அந்தப் பயணிகள் கணக்கில் மார்கழிக்கும் கோடை விடுமுறைக்கும் வந்து போகிறவர்கள் ஒவ்வொருவரும் எண்ணப்படுகிறார்கள். அவர்கள் பெயரால் எடுக்கப்படும் நிலத்தைப் பற்றி அவர்களுடைய கருத்து என்ன என்பதை, இடிந்த தியேட்டர்களைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு, இப்போதே எழுதலாம்.